பெட்டிக்கு என்ன மரம்?

கதவு நிலைக்கு எது, கட்டிலுக்கு எது, ஊஞ்சப் பலகைக்கு எதுன்னு மரத்தப் பத்தி இங்க நிறைய எழுதியாச்சு, சவப்பெட்டிக்கு என்ன மரம்னு மட்டும் எழுதினதே இல்ல, யாரும் கேட்டதும் இல்ல. வீட்ல ஒரு சாவு விழுந்தப்புறம்தான் அந்தக் கேள்வியே வரும், அப்ப உக்காந்து யோசிக்கிற நிலைமையில யாரும் இருக்க மாட்டாங்க. எங்க நாகர்கோவில் பக்கம் கிறிஸ்தவக் குடும்பங்கள்ல என்ன நடக்கும்னா, ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்லியாச்சா, சாமியாருக்குச் சொல்லியாச்சா, கல்லறையில குழி வெட்ட ஆள் போயாச்சான்னு பேச்சு ஓடிட்டு இருக்கும்போதே ஒரு பெரியப்பாவோ மாமாவோ "பெட்டி தேக்குலயே பாத்துருங்கப்பா, காசப் பாக்காதீங்க"ன்னு சொல்லிருவாரு. அதுக்கு மேல யாரும் வாய் திறக்க முடியாது. திறந்தா பெத்தவங்களுக்குப் பெட்டி வாங்குறதுல கணக்குப் பாக்குற பிள்ளைன்னு பேரு வந்துரும்.

அதனாலதான் வீட்ல துக்கம் எதுவும் இல்லாத ஒரு நாள்ல நிதானமா இதப் பேசிரலாம்னு எழுதுறேன். என் கருத்த முதல்லயே சொல்லிர்றேன், பெட்டிக்குத் தேக்கு வேண்டாம். காசு மிச்சம் பண்றதுக்காக சொல்லல, காசு நிறைய இருக்கிறவங்களுக்கும் இதத்தான் சொல்வேன். பெட்டிங்கிற சாமானுக்கு அது பொருத்தமில்லாத மரம், அவ்வளவுதான்.

மரவாடியில நல்ல மரம்னு நாம எதச் சொல்றோம்? வைரம் பாஞ்சிருக்கணும், கரையான் தொடக்கூடாது, தண்ணி பட்டாலும் உளுக்கக்கூடாது, பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் நிக்கணும். தேக்குல இயற்கையாவே இருக்கிற எண்ணெய்ப்பசைனால இது எல்லாமே அதுல இருக்கு, கப்பல் கட்டுறதுல இருந்து அரண்மனைத் தூண் வரைக்கும் அதத் தேடிப் போனதுக்குக் காரணமும் அதுதான். ஆனா பெட்டியோட வேலை என்னன்னு பாருங்க. ஒரு நாளோ ரெண்டு நாளோ வீட்ல இருக்கும், ஆறு பேரு தூக்கி கோவிலுக்குக் கொண்டு போவாங்க, அங்க பூசை முடிஞ்சு கல்லறைக்குப் போகும், கயித்துல குழிக்குள்ள இறங்கும். அதுவரைக்கும் அடிப்பலகை தாங்கணும், மூலை விட்டுரக்கூடாது, தூக்குறவங்க கை நோகக்கூடாது. உள்ள இறங்கினப்புறம் அதுக்கு இருக்கிற ஒரே வேலை மண்ணோட சேர்றதுதான்.

இத நான் ஏதோ தத்துவமா சொல்றேன்னு நினைச்சுராதீங்க. நம்ம ஊர் கல்லறைத் தோட்டம் எதையாவது போய்ப் பாருங்க, இடமே கிடையாது. சென்னை கீழ்ப்பாக்கம் கல்லறை நிறைஞ்சு போயி குடும்பக் கல்லறையத் திறந்து அதுலயே அடுத்தவங்கள அடக்கம் பண்ற நிலைமை வந்து வருஷக்கணக்காச்சு, கிராமத்துப் பங்குகள்லயும் அதே கதைதான். தாத்தா இருந்த குழியிலதான் பாட்டி, அதுலயேதான் பெரியப்பா. திரும்பத் திறக்கும்போது முதல்ல வச்ச பெட்டி மட்கி இருந்தா எலும்ப மரியாதையா எடுத்து ஒரு ஓரமா வச்சுட்டு அடுத்த ஆளுக்கு இடம் பண்ணலாம். தேக்குப் பெட்டின்னா பலகை அப்படியே நிக்கும், அதுவும் சிமெண்ட் போட்டுக் கட்டின கல்லறைன்னா இன்னும் மோசம், மண்ணு ஈரம் ரெண்டுமே மரத்துல படாது, ஈரம் படாத மரத்துல பூஞ்சையும் வராது கரையானும் வராது. அப்ப குழி வெட்டுறவரு கோடாலிய எடுத்து அதே பெட்டிய உடைக்க வேண்டியிருக்கும். பாசத்துல வாங்கின தேக்கு கடைசியில குடும்பத்துக்காரங்க கண்ணு முன்னாலயே கோடாலி வாங்குது. இத ஒருதடவ பாத்தவங்க யாரும் அடுத்து தேக்கு கேக்க மாட்டாங்க.

அடுத்தது எடை. ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். ஆறரை அடி நீளம், சராசரியா ஒன்னேமுக்கால் அடி அகலம், ஒன்னேகால் அடி உயரம், முக்கால் இஞ்ச் பலகைன்னு வச்சா மூடியோட சேத்து ரெண்டரை கன அடிக்குக் கொஞ்சம் மேல மரம் நிக்கும், சேதாரம் தனி. காஞ்ச தேக்கு ஒரு கன மீட்டர் சுமார் 650 கிலோ, அந்தக் கணக்குல பெட்டி மட்டுமே 50 கிலோ வருது. அதையே ஏழிலைப்பாலையில செஞ்சா 30 கிலோ. ஆளோட எடை 70னு வச்சுக்குங்க, மழைக்காலத்துல வழுக்குற கல்லறைப் பாதையில ஆறு பேரு தூக்கிட்டுப் போறதுக்கு 120க்கும் 100க்கும் இருக்கிற வித்தியாசம் தூக்கினவங்களுக்குத்தான் தெரியும். இப்ப சாவு வீட்ல தூக்குறதுக்கு நிக்கிற ஆளுங்கள்ல பாதிப் பேரு அறுபதத் தாண்டினவங்க, இளவட்டம் பூரா வெளிநாட்டுல இருக்கு.

ஏழிலைப்பாலைன்னு சொன்னேன்ல, அதப் பத்திக் கொஞ்சம் விரிவா சொல்லணும், இந்தப் பதிவையே அந்த மரத்துக்காகத்தான் எழுதுறேன்னு கூட வச்சுக்கலாம். கிளையில ஒரே இடத்துல வட்டமா ஏழு இலை வர்ற மரம் (எண்ணிப் பாத்தா சிலதுல ஆறு இருக்கும், சிலதுல எட்டு), கீறினா பால் வரும், மழைக்காலம் முடியற சமயத்துல ராத்திரி பூத்து தெருவையே ஒரு மாதிரி தலை கிறுகிறுக்கிற வாசனையில முக்கிரும். கேரளத்துலயும் எங்க பக்கமும் யட்சி குடியிருக்கிற மரம்னு சொல்லி வீட்டுப் பக்கத்துல வைக்க மாட்டாங்க. கட்டை வெள்ளையா, லேசா, மெதுவா இருக்கும், இழைப்புளி போட்டா வெண்ணெய் மாதிரி சீவிட்டு வரும். நீடிச்சு உழைக்காது, வெட்டிப் போட்ட கொஞ்ச நாள்லயே நீலக்கறை ஏறிரும், அதனால மரவாடியில இதுக்கு மதிப்பே கிடையாது. ஒரு காலத்துல பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு எழுதுற பலகை செய்ய ஆச்சு, அதனாலதான் அதோட தாவரவியல் பேர்லயே ஸ்காலாரிஸ்னு ஒட்டிக்கிச்சு. இலங்கையில இந்த மரத்தச் சவப்பெட்டி செய்ய உபயோகிக்கிறது பழைய வழக்கம், சிங்களத்துல ருக்கத்தனன்னு சொல்லுவாங்க. நமக்கு எதெல்லாம் குறைன்னு படுதோ, லேசு, மெதுவு, சீக்கிரம் உளுத்துப்போறது, அது மூணும்தான் அங்க அந்த வேலைக்கு அத எடுக்க வச்சது.

இதோட உடன்பிறப்பு ஒன்னு மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்கு, அல்ஸ்டோனியா பூனேய், வியாபாரத்துல எமியன்னு பேரு. கானா நாட்டுல அக்ரா பக்கத்துல டெஷின்னு ஒரு கடலோர ஊர், அங்க கா இன மக்கள் செய்யற சவப்பெட்டிகளப் படத்துல பாத்திருப்பீங்க. மீன்காரருக்கு மீன் வடிவத்துல, கோக்கோ விவசாயிக்குக் கோக்கோக்காய் வடிவத்துல, டிரைவருக்கு பென்ஸ் கார் வடிவத்துல செய்வாங்க. 1950கள்ல இருந்து இத ஒரு தொழிலா வளத்தவர்னு சேத் கானே க்வேய்ங்கிற தச்சரைச் சொல்றாங்க, அவரோட பட்டறையில கத்துக்கிட்டவங்க பண்ண பெட்டிகள் இன்னைக்கு ஐரோப்பா மியூசியங்கள்ல இருக்கு. அதுக்கெல்லாம் அவங்க எடுக்கிற மரம் வாவாவும் எமியனும்தான், ரெண்டுமே லேசான வெள்ளை மரம். வாவா ஒரு கன மீட்டருக்கு 400 கிலோவே வராது. ஏன் அதுன்னு யோசிச்சா ஒரு தச்சனுக்கு உடனே புரியும், மீனோட செதிலு, காரோட வளைவு எல்லாம் உளியால செதுக்கணும், சீக்கிரமும் முடிக்கணும், மேல எப்படியும் பெயிண்ட் அடிக்கப்போறாங்க, மரத்தோட ரேகைய யாரும் பாக்கப் போறதில்ல. கானாவுல நல்ல மகோகனி இருக்கு, ஆனா மியூசியத்துல நிரந்தரமா நிக்கணும்னு வெளிநாட்டுக்காரங்க ஆர்டர் குடுத்தா மட்டும்தான் கெட்டி மரத்துக்குப் போறாங்க, ஊர்க்காரங்க மண்ணுக்குள்ள போறதுக்கு வாவாவே போதும்னு இருக்காங்க. அந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடிச்சது. எமியனப் பத்தி இன்னொரு விஷயம், அதே கானாவுல இருக்கிற அகான் இன ஜனங்க அதக் கடவுளோட மரமா பாக்குறாங்க, மூணு கவட்டை உள்ள கட்டைய முற்றத்துல நட்டு மேல ஒரு சட்டி வச்சுக் கும்புடுற பழக்கம் இருந்திருக்கு. இங்க யட்சி மரம், அங்க கடவுள் மரம், ரெண்டு இடத்துலயும் செத்தவங்களோட போற மரம்.

நம்ம ஊர்ல பெட்டிக்குப் போற மத்த மரங்கள்ல இலவம் எனக்கு ரெண்டாவது. வெள்ளைக்காரன் காலத்து மரக் குறிப்புகள்ல இலவங்கட்டை எதுக்கெல்லாம் ஆகும்னு எழுதியிருக்கிற வரிசையப் பாத்தா சாமான் அடைக்கிற பெட்டி, பொம்மை, கத்தி உறை, மீன்வலை மிதப்பு, சவப்பெட்டி, கிணத்து உள்பக்கம் அடைக்கிற பலகைன்னு வரும். தண்ணிக்குள்ளயே முழுசா கிடந்தா ஓரளவு தாங்கும், காத்தும் ஈரமும் மாறி மாறி பட்டா சீக்கிரம் போயிரும். தூக்கினா நம்பவே முடியாத லேசு. ஒரே சிக்கல், ஆணி சரியா பிடிக்காது, அதனால மூலையில உள்பக்கமா கெட்டியான மரத்துல சட்டம் குடுத்துத்தான் அடிக்கணும், தெரிஞ்ச ஆசாரின்னா சொல்லாமலே அப்படித்தான் செய்வாரு.

மா வந்து லேசு கிடையாது, எடையில தேக்குக்குப் பக்கத்துல வந்துரும், ஆனா எங்க பாத்தாலும் கிடைக்கும், காய்ப்பு நின்ன மரத்த வெட்டிப் பலகை போட்டு வச்சிருப்பாங்க, அகலமான பலகை கிடைக்கும்கிறதுனால அடிப்பலகை ஒட்டு இல்லாம வரும், மண்ணுல வச்சா கரையான் விட்டு வைக்காது. இந்து வீட்ல தகனத்துக்கும் மாங்கட்டைதானே அடுக்குறோம், ஒரே மரம் ரெண்டு பக்கமும் கடைசிக் காரியத்துக்கு வருது.

ரப்பர் மரமும் கன்னியாகுமரி, கேரளா பக்கம் தாராளமா கிடைக்கும், பால் வடிச்சு முடிச்சு 25, 30 வருஷத்துல தோட்டத்தையே வெட்டிப் புதுசா நடுவாங்க. ஃபர்னிச்சருக்குப் போகணும்னா வெட்டின சில நாள்லயே போரான் மருந்து ஏத்தணும், இல்லேன்னா வண்டும் பூஞ்சையும் அடிச்சுரும். பெட்டிக்கு அந்த மருந்தே தேவையில்ல. மருந்து ஏத்தின பலகையத்தான் பெட்டிக்குப் போடுறாங்கன்னா அது வீண் செலவு, மண்ணுக்கும் நல்லதில்ல.

சரி, எல்லாரும் மட்கிப்போற மரமா தேடினாங்களான்னா அப்படி இல்ல, நிலைச்சு நிக்கணும்னு நினைச்சவங்க உலகம் பூரா இருக்காங்க, அவங்களுக்கும் ஒரு நியாயம் இருக்கு. எகிப்துக்காரங்களுக்கு உடம்பு அழியவே கூடாதுங்கிறது நம்பிக்கை, அதனால ராஜ வீட்டுக்காரங்க, பணக்காரங்க லெபனான்ல இருந்து கடல் வழியா தேவதாரு மரத்த இறக்கினாங்க, மத்தவங்க அந்த ஊர் அத்தி வகை மரத்துலயும் கருவேலத்துலயும் செஞ்சாங்க. நம்ம கம்மாய்க்கரையில நிக்கிற நாட்டுக் கருவேலம் இருக்குல்ல, நைல் நதிக்கரை மரமும் அதே இனம்தான், பேர்லயே நைலோட்டிகான்னு இருக்கும். நேரா நீளமா பலகை கிடைக்காத ஊர், அதனால துண்டு துண்டா கோணல் கட்டைகள மர ஆணி போட்டுப் பொருத்தி, இடைவெளிய சாந்து வச்சு அடைச்சு, மேல ஓவியம் தீட்டி மறைச்சிருக்காங்க. மியூசியத்துல அந்த ஓவியத்த மட்டும் பாத்துட்டு நகந்துராதீங்க, ஓரத்துல சாந்து உதிந்த இடத்துல அந்தப் பொருத்தைப் பாருங்க, அங்கதான் தச்சனோட கை தெரியும்.

சீனாவுல சூச்சோவுல பிறக்கணும், ஹாங்சோவுல வாழணும், குவாங்சோவுல சாப்பிடணும், லியூசோவுல சாகணும்னு ஒரு பழமொழி. கடைசி ஊரு பெட்டி மரத்துக்குப் பேர் போனது. அங்க முன்னல்லாம் வயசானவங்களுக்கு உயிரோட இருக்கும்போதே பிள்ளைங்க கனமான பலகையில பெட்டி செஞ்சு வச்சுருவாங்க, அது ஒரு மரியாதை. நான் மரத்த ஒத்துக்கலேன்னாலும் முன்கூட்டியே பேசி முடிவு பண்ற பழக்கத்த மதிக்கிறேன், நம்ம வீட்ல அந்தப் பேச்சையே எடுக்க விட மாட்டாங்க.

ரோம்ல போப்பாண்டவர்களுக்குப் பழைய முறைப்படி மூணு பெட்டி, ஒன்னுக்குள்ள ஒன்னு. 2005ல ரெண்டாம் யோவான் பவுல் அடக்கத்த டிவியில பாத்தவங்களுக்கு அந்த சைப்ரஸ் மரப்பெட்டி ஞாபகம் இருக்கும், மூடியில ஒரு சிலுவையும் M எழுத்தும் தவிர வேற அலங்காரம் இல்லாத வெறும் பலகை, மேல நற்செய்திப் புத்தகம் காத்துல பக்கம் பக்கமா புரண்டுச்சு. உலகத்துத் தலைவர்கள் பூரா வந்து நின்ன இடத்துல அவ்வளவு எளிமையான ஒரு பெட்டி இருந்தது எனக்கு மனசுல நின்னுருச்சு. 2023ல பதினாறாம் பெனடிக்ட்டுக்கும் சைப்ரஸ், அதுக்கு மேல துத்தநாகம், அதுக்கு மேல ஓக்குன்னு மூணு. போப் பிரான்சிஸ் 2024ல அந்த முறைய மாத்தினாரு, 2025ல அவரே உள்ள துத்தநாகத் தகடு வச்ச ஒத்த மரப்பெட்டியில போனாரு. எலிசபெத் ராணிக்கு 2022ல ஓக்குப் பெட்டி, உள்ள ஈயத் தகடு, பல வருஷத்துக்கு முன்னாலயே செஞ்சு வச்சது. ஈயம் ஏன்னா மண்ணுக்குள்ள வைக்கல, விண்ட்சர் கோவில்ல நிலவறையில வச்சாங்க, காத்துப் போகாம அடைச்சாகணும். அந்த எடைய எட்டு சிப்பாய்கள் படியேத்தினத எல்லாரும் பாத்தோம், அவங்க முகத்துலயே அந்த பாரம் தெரிஞ்சுது.

இங்கிலாந்துல சாதாரண ஜனங்களோட பெட்டி மரம் ஓக்கு கிடையாது, எல்ம். நூத்துக்கணக்கான வருஷம் அதுதான். மரம் தெரிஞ்சவங்களுக்கு எல்ம் ஒரு ஆச்சரியமான மரம், அதோட நார் ஒன்னுக்குள்ள ஒன்னு பின்னிக்கிட்டு ஓடும், அதனால ஓரத்துல ஆணி அடிச்சாலும் பிளக்காது. நம்ம ஊர்ல மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு நடுவுல குடம்னு வைப்போம்ல, சுத்தி அத்தனை துளை போட்டும் வெடிக்கக்கூடாது, அங்க அந்த வேலைக்கு எடுத்தது எல்ம்தான். தண்ணிக்குள்ளயே கிடந்தா உளுக்காது, காத்து இல்லாத இடத்துல பூஞ்சை வளராதுங்கிறதுதான் அதுக்குக் காரணம், லண்டன்ல பழைய காலத்துல பூமிக்கடியில குடிதண்ணிக் குழாயே எல்ம் கட்டையக் குடைஞ்சு போட்டிருந்தாங்க. ஈர மண்ணுள்ள நாட்டுல அகலமான, பிளக்காத, விலை குறைஞ்ச பலகை, வேற என்ன வேணும். தோள் கிட்ட அகலமா கால் கிட்ட குறுகலா இருக்குமே அந்த வடிவத்துக்குப் பக்கப் பலகைய வளைக்கணும், அதுக்கு அந்த ஊர் தச்சருங்க தோள் வர்ற இடத்துல உள்பக்கமா வாளால பாதி ஆழத்துக்கு வரிசையா கீறி, கொதிக்கிற தண்ணிய ஊத்தி மெல்ல வளைப்பாங்க. உள்ள தார் மாதிரி இருக்கிற கீல உருக்கி ஊத்தி ஒழுகாம பண்ணுவாங்க. கிராமத்துல கதவு ஜன்னல் செய்யற அதே தச்சர்தான் பெட்டியும் செஞ்சு அடக்க ஏற்பாட்டையும் பாத்துக்குவாரு.

அந்த எல்ம் இன்னைக்கு இல்ல. 1960கள் கடைசியில வட அமெரிக்காவுல இருந்து வந்த மரக்கட்டைகளோட ஒரு வீரியமான பூஞ்சை உள்ள வந்துருச்சு, பட்டை துளைக்கிற வண்டு ஒன்னு மரத்துக்கு மரம் அதச் சுமந்துட்டுப் போக, ரெண்டரைக் கோடி மரத்துக்கு மேல செத்துப்போச்சு. நாட்டோட கிராமத்துக் காட்சியே மாறிப்போச்சுன்னு அந்தத் தலைமுறை ஆளுங்க இன்னைக்கும் சொல்லுவாங்க. பெட்டிக் கடைக்காரங்க மரத்தூள் பலகைக்கு மாறினாங்க, மேல மெல்லிசா ஓக்கு தோலோ ரேகை அச்சடிச்ச காகிதமோ ஒட்டி. அங்க முக்கால்வாசிப் பேருக்கு மேல தகனம்தான்கிறதுனால எரிக்கப்போற பெட்டிக்கு இது போதும்னு ஆயிருச்சு. ஒரு நோய் வந்து ஒரு நாட்டோட சாவுச் சடங்கு மரத்தையே மாத்திருச்சுங்கிறது எனக்கு இன்னும் மனசு ஆறாத விஷயம்.

ஜப்பான்ல கிட்டத்தட்ட எல்லாருக்குமே தகனம். அதனால அங்க பேசப்படுறது பௌலோனியா, அவங்க கிரின்னு சொல்ற மரம், ஒரு கன மீட்டர் 300 கிலோ பக்கம்தான், நம்ம கணக்குக்குப் பெட்டி 23 கிலோல முடிஞ்சுரும். அங்க முன்னல்லாம் பொண்ணு பிறந்தா கிரி நடுவாங்க, கல்யாணத்துக்கு அத வெட்டி துணி வைக்கிற அலமாரி செஞ்சு குடுத்து அனுப்புவாங்க. இப்ப நிறைய பெட்டி ப்ளைவுட்ல வருது.

அமெரிக்காவுல இது பெரிய வியாபாரம். மகோகனி, வால்நட், செர்ரி, ஓக்கு, மேப்பிள், பாப்ளர், பைன்னு விலை வரிசையா ஷோரூம்ல அடுக்கி வச்சிருப்பாங்க, மேல இருக்கிறதுல இருந்துதான் காட்ட ஆரம்பிப்பாங்க. லிங்கன் 1865ல வால்நட் பெட்டியில போனாரு, கென்னடி 1963ல மகோகனியில போனாரு. ஆனா அதே நாட்டுல 2018ல உலகம் பூரா தெரிஞ்ச போதகர் பில்லி கிரஹாம் லூசியானா சிறைக் கைதிகள் பைன் ப்ளைவுட்ல செஞ்ச சாதாரணப் பெட்டியில அடக்கமானாரு, அவரு மனைவிக்கும் அதே மாதிரிதான். அதே லூசியானாவுல செயின்ட் ஜோசப் மடத்துத் துறவிகள் கத்ரீனா புயல்ல அவங்க காடு அழிஞ்சப்புறம் பொழப்புக்காக சைப்ரஸ் மரத்துல எளிமையான பெட்டி செஞ்சு விக்க ஆரம்பிச்சாங்க, லைசென்ஸ் இல்லாம விக்கக் கூடாதுன்னு மாநில ஈமச்சடங்கு வாரியம் தடுத்துச்சு. துறவிகள் கோர்ட்டுக்குப் போயி 2013ல மேல்முறையீட்டுல ஜெயிச்சாங்க. மரப்பெட்டி செய்யறது தச்சு வேலை, அத யாரும் அடைச்சு வைக்க முடியாதுன்னு எனக்கு அதுல ஒரு சந்தோஷம். இன்னொன்னு, அங்க 1984ல இருந்து ஒரு சட்டம் இருக்கு, பெட்டியக் காட்டுறதுக்கு முன்னால விலைப்பட்டியலக் கையில குடுத்தாகணும். நம்ம ஊர்லயும் அப்படி ஒன்னு வந்தா எவ்வளவோ குடும்பம் கடன்ல இருந்து தப்பிக்கும்.

யூதர்களோட முறைதான் நான் நினைக்கிறதுக்கு ரொம்பக் கிட்ட வருது. ஏழையா இருந்தாலும் பணக்காரரா இருந்தாலும் ஒரே மாதிரி எளிமையான மரப்பெட்டி, பெரும்பாலும் பைன், இரும்பு ஆணியே கிடையாது, மர ஆணிதான், அடிப்பலகையில துளை போட்டு விடுவாங்க, உடம்பு சீக்கிரம் மண்ணத் தொடணும்னு. இஸ்ரேல்ல பெரும்பாலும் பெட்டியே இல்லாம துணி சுத்தித்தான் அடக்கம். நம்ம ஊர் முஸ்லிம்களும் அப்படித்தானே, பள்ளிவாசல் சந்தூக்குல வச்சுத் தூக்கிட்டுப் போயி, கஃபன் துணியோட மண்ணுக்குள்ள வச்சுட்டு, சந்தூக்கு பள்ளிக்குத் திரும்பி வந்துரும், அடுத்த ஆளுக்கு அதுவேதான். ஒரே பெட்டி ஊருக்கே போதும். இந்த விஷயத்துல அவங்ககிட்ட இருந்து நாங்க கத்துக்க வேண்டியது இருக்கு.

எங்க கோட்டாறு கோவில் யாரு பேர்ல இருக்கோ அந்த சவேரியார், 1552 டிசம்பர்ல சீனக் கரையோரத் தீவுல இறந்தப்ப மரப்பெட்டியில சுண்ணாம்பு கொட்டித்தான் புதைச்சாங்க, சீக்கிரம் எலும்பு மட்டும் ஆயிட்டா எடுத்துட்டுப் போகலாம்னு. அப்புறம் மலாக்கா, கோவான்னு போனது, இன்னைக்கு வெள்ளிப் பேழையில இருக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச வரலாறு. முத்துக்குளித்துறை மக்கள் மேல உயிரா இருந்தவரு, அவருக்கு முதல்ல கிடைச்சது ஒரு வெறும் பலகைப் பெட்டிதான்.

இப்ப கடைக்கு வருவோம். நம்ம ஊர்ல பெட்டி வாங்கப் போனா துணி ஒட்டினது, பாலிஷ் போட்டதுன்னு ரெண்டு வகை இருக்கும். துணி ஒட்டினதுல உள்ள என்ன மரம்னு கண்ணுக்குத் தெரியாது. மா இருக்கலாம், ரப்பர் இருக்கலாம், வெளிநாட்டுச் சாமான் வந்த பேக்கிங் பைன் பலகை இருக்கலாம், ப்ளைவுட்டும் இருக்கலாம், எதுவும் தப்பில்ல, அடிப்பலகை கெட்டியா இருக்கான்னு மட்டும் பாருங்க. பெட்டியக் கவுத்துக் காட்டச் சொல்லுங்க, அடியில துணி இருக்காது. கணு விழுந்த பலகை நடுவுல வரக்கூடாது, குறுக்குச் சட்டம் ரெண்டு மூணாவது இருக்கணும், கைப்பிடி திருகு அந்தச் சட்டத்தோட சேந்து பிடிச்சிருக்கணும், வெறும் பலகையில திருகியிருந்தா தூக்கும்போது பிடுங்கிட்டு வரும். பாலிஷ் போட்டதுன்னா தேக்குன்னு சொல்லி வேற மரத்துக்குக் கலர் ஏத்திக் குடுக்கிறதும் நடக்குது, ஓரத்துல வெட்டுவாய்ப் பக்கம் பாத்தா தெரிஞ்சுரும். அந்த நேரத்துல குடும்பத்துக்காரங்க பாக்க வேண்டாம், மரம் தெரிஞ்ச நண்பர் ஒருத்தர அனுப்புங்க.

ப்ளைவுட், மரத்தூள் பலகைகள்ல எனக்கு ஒரே ஒரு குறை, பிசின். லேசு, மலிவு, எல்லாம் சரி, ஆனா அந்தப் பசை மரத்தோட மட்காது. அதுக்கு அட்டைப்பெட்டி எவ்வளவோ மேல். கோவிட் நேரத்துல 2021ல இலங்கையில தெஹிவளை கல்கிசை மாநகர சபை அட்டையில சவப்பெட்டி செஞ்சு குடுத்தாங்க, மர விலையத் தாங்க முடியாத குடும்பங்களுக்கு அது பெரிய உதவியா இருந்துச்சு, மரமும் மிச்சம்.

மரம் மட்டும் மட்கினா போதாது. உள்ள நைலான் சாட்டின், ஸ்பான்ச் மெத்தை, வெள்ளி முலாம் பூசின பிளாஸ்டிக் சிலுவை, ஜரிகைப் பட்டி இதெல்லாம் போட்டுத்தான் பெட்டி வருது, குழியத் திரும்பத் திறந்தா பலகை போயிருந்தாலும் இதெல்லாம் அப்படியே கிடக்கும். முன்கூட்டி சொல்லி வச்சா பருத்திக் காடாத்துணி, வைக்கோலோ இலவம்பஞ்சோ வச்ச தலையணை, மரச் சிலுவை, கயித்துக் கைப்பிடின்னு ஆசாரி செஞ்சு குடுத்துருவாரு, விலையும் குறையும். பிரச்சனை என்னன்னா சாவு விழுந்தப்புறம் சொல்ல நேரம் இருக்காது, கடையில இருக்கிறதத் தூக்கிட்டு வரணும். அதனால சீனாக்காரங்க மாதிரி முன்னாலயே பேசி வைக்கணும்கிறேன்.

எங்க வீட்ல நான் பேசி வச்சிருக்கேன். எனக்கு ஏழிலைப்பாலை கிடைச்சா அது, இல்லேன்னா இலவம், அதுவும் இல்லேன்னா மா, உள்ள காடாத்துணி, அவ்வளவுதான். வீட்டுக்காரியும் தம்பியும் ஒத்துக்கிட்டாங்க. அம்மாவுக்கு மட்டும் வெறும் பலகை ஆகவே ஆகாது, நாலு பேரு வந்து பாக்குற இடம்டா, பளபளன்னு இருக்கணும்னு ஒரே பிடிவாதம், அவங்க ஆசையும் நியாயமானதுதான். அதுக்கு மாம்பலகை வாங்கி அரக்கு பாலிஷ் போட்டுரலாம்னு சொல்லியிருக்கேன், பூச்சி குடுக்கிற அரக்க சாராயத்துல கரைச்சுத் துணியால தேய்க்கிறதுதான், பி.யூ. (பாலியூரித்தேன்) வார்னிஷ் மாதிரி மேல பிளாஸ்டிக் தோல் கட்டாது, மா ரேகை அதுல அழகா எழும்பி வரும், மண்ணுக்கும் ஒன்னும் ஆகாது.